அசனத்துக்கு அழைப்பு உண்டு, சாட்சிக்கு இல்லையா?

சேகரத் தலைவர் ஐயரவர்களுக்கும், 150-ஆவது பிரதிஷ்டைப் பண்டிகை மலர்க் குழுவினருக்கும்,

மலரில் போடுவதற்கென்று நீங்களே கேட்டு வாங்கிப்போன என் கட்டுரையை, விசுவாசிகள் அல்லாதவர்களின் சாட்சி சேர்க்கப்படாது என்று தீர்மானம் போட்டு ஒதுக்கிவிட்டீர்கள். என்னுடையது மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். பம்ப்செட் மெக்கானிக் பாய் சொன்னதையும், தெற்குத் தெரு டீக்கடைக்காரர் சொன்னதையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறீர்கள். மூன்று பேரும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆலயத்துக்குள் இருந்தவர்கள். தீர்மானத்தின் நகலும் எங்களுக்குத் தரவில்லை. உங்கள் செயலாளர் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்: "அண்ணாச்சி, நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா நீங்க இரட்சிக்கப்படாத ஆளுல்லா. சாட்சின்னா விசுவாசிங்க சொல்லுததுதானே. வேணும்னா வாழ்த்துச் செய்தி ஒண்ணு எழுதித் தாங்க, போட்டோவோட போட்டுருவோம்."

வாழ்த்துச் செய்தி எழுத எனக்கு மனமில்லை. வாழ்த்துகிறவன் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. நான் பார்த்தவன். பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். அதை வேண்டாம் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் உங்கள் வேதாகமத்துக்கே ஒத்துவராது. அதனால்தான் இதை ஊர் அறிய எழுதுகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சில சொற்கள்: ஐயர் என்றால் இங்கே ஆலயத்தின் பாதிரியார், சேகரம் என்றால் அவர் பொறுப்பில் இருக்கும் சபைகள், கோயில்பிள்ளை என்றால் ஆலயத்தைத் திறந்து மணி அடிக்கும் ஊழியர், அசனம் என்றால் ஆலயப் பண்டிகையில் போடும் பொது விருந்து. இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். என் வீடு ஆலயத்துக்கு எதிர்வீடு. சைவக் குடும்பம். படித்தது மிஷன் பள்ளிக்கூடம், வேதபாடத்தில் பரிசு வாங்கியவன். திருநெல்வேலிச் சீமையில் இது ஒன்றும் அதிசயமில்லை; என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு நெற்றியில் திருநீறும் வாயில் மலைப்பிரசங்கமும் இருக்கும். பாளையங்கோட்டையில் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறுகிறவர்களைப் பார்த்தே என் காலம் போனது. யார் சொல்லும் சாட்சி நிற்கும், யாருடையது குறுக்கு விசாரணையில் உதிரும் என்பது ஓரளவு பிடிபடும்.

இனி அந்த ராத்திரி. ஐயரவர்களே, நீங்கள் அன்று பக்கத்துச் சபைக்கு ஆராதனைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டீர்கள். அதனால் உங்களுக்குத்தான் இது முதலில் தேவை.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் பார்த்த கணக்கு. அன்று எங்களுக்குத் தெரிந்தது மழை விடவில்லை, கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை, அவ்வளவுதான். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், நம்ம தெருவுக்கு ஏறவே ஏறாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பயம் தாமிரபரணி மேல்தான். கடைசியில் உடைந்தது மேற்கே இருக்கிற குளம்.

ஆலய மணி அடித்தது. சாவு மணி விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடிக்கும். ஆராதனை மணிக்கு ஒரு தாளம் உண்டு. எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இரண்டும் தூக்கத்திலும் தெரியும். இது இரண்டும் இல்லை, நிறுத்தாமல் அடித்தது. ஜன்னலைத் திறந்து டார்ச் அடித்தேன். தெருவில் தண்ணீர் ஓடுகிறது. ஒரு வாழைத்தார் தண்டோடு மிதந்து கிழக்கே போகிறது. அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

முன்வாசல் பூட்டிக் கிடந்தது. உங்கள் கமிட்டியில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் போர்டிகோவில் நின்று கோயில்பிள்ளையிடம், "ஐயர் ஊர்ல இல்ல, கேக்காம தொறக்காத. ஹாலைத் தொறந்து விடு, போதும்" என்றார். ஹால் பள்ளத்தில் இருக்கிறது. அதற்குள் அப்போதே முழங்காலளவு தண்ணீர். கோயில்பிள்ளை ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மணிக் கயிற்றைப் பக்கத்தில் நின்ற பையன் கையில் கொடுத்தார், மடியிலிருந்து சாவியை எடுத்தார், திறந்தார். தடுத்தவர் பெயரை என் கட்டுரையில் நான் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதினேன்.

தண்ணீர் உள்ளே வந்தது. கதவுக்கு அடியில் முதலில் கறுப்பாக ஒரு கோடு, பிறகு பெஞ்சுகள் தாமாக நகர ஆரம்பித்தன. விடியும்போது ஆல்டருக்கு முன்னால் இருக்கும் மூன்று படியில் இரண்டு முங்கியிருந்தது. கோயில்பிள்ளை பெரிய வேதாகமத்தையும் விரிப்புகளையும் பிரசங்க பீடத்தில் ஏற்றி வைத்தார். வயதானவர்களைப் பாடகர் மாடிக்கு ஏற்றினோம். தெற்குத் தெருவிலிருந்து ஒரு கைக்குழந்தை அசன அண்டாவில் வந்தது. ஒரு காதைத் தாய் பிடித்திருந்தாள், மறு காதை மெக்கானிக் பாய் பிடித்திருந்தார். மார்பளவு தண்ணீரில் இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே பழைய சேலை நான்காக மடித்து விரித்து, மேலே குடை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் இறங்கிய பிறகு போர்டிகோத் திட்டில் அதே அண்டாவில்தான் கஞ்சி காய்ச்சினோம். அரிசி அசனத்துக்கு எடுத்து வைத்திருந்தது. விறகு, உடைந்துபோன உங்கள் பெஞ்சு. நம் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே அண்டாக் கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அசனத்தில்கூட அவரவர் கூட்டம் கூட்டமாகத்தானே உட்காருகிறோம். இதையும் எழுதியிருந்தேன்.

இப்போது உங்கள் மலருக்கு வருகிறேன். அச்சகத்துக்குப் போன பக்கங்களை ஒருவர் எனக்குக் காட்டினார். வெள்ளத்தைப் பற்றி இரண்டு விசுவாசிகளின் சாட்சி இருக்கிறது. வெள்ளம் ஆலய வாசலோடு நின்றது, ஒரு துளிகூட உள்ளே வரவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள். இருவரில் ஒருவர் அன்றைக்கு நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தார். ஊருக்கே தெரியும். கோர்ட்டில் இதற்குக் கேள்விச் சாட்சியம் என்று பெயர். கூண்டில் ஏற்றினால் இரண்டாம் கேள்வியிலேயே இறங்கிவிடுவார். உள்ளே இருந்து நனைந்த மூன்று பேர் சொன்னது ஆகாது, நாகர்கோவிலில் இருந்தவர் சொன்னது ஆகும். காரணம், அவர் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது.

2024 ஜூன் வரை நடப்பில் இருந்த 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு யார் சாட்சி சொல்லலாம் என்று சொன்ன பிரிவு. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்தால் போதும், யாரும் சொல்லலாம். சாட்சியின் சமயத்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விருப்பமில்லாதவன் உறுதிமொழி சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறலாம். கோர்ட் வேறு, கோயில் வேறு என்பீர்கள். சரி, உங்கள் கோயில் புத்தகத்துக்கே போவோம்.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம், குளிருக்கு நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண் பேதுருவின் முகத்தைப் பார்த்து, நீயும் அவனோடு இருந்தவன்தானே என்கிறாள். அவள் சீஷி இல்லை, சீஷர்களுக்கு வேண்டியவளும் இல்லை. எதிர்த்தரப்பு வீட்டில் சம்பளம் வாங்குகிறவள். யோவான் இன்னொருவனையும் சேர்க்கிறார். தோட்டத்தில் காது வெட்டுப்பட்டவனின் சொந்தக்காரன். உன்னை நான் தோட்டத்தில் அவனோடு பார்க்கவில்லையா என்று கேட்கிறான். அந்த முற்றத்தில் உண்மை சொன்னது இவர்கள். பொய் சொன்னது அப்போஸ்தலரில் முதல்வர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நான்கு பேரும் இதை எழுதியிருக்கிறார்கள். மற்ற எத்தனையோ சம்பவங்களில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. இதில் ஒருவரும் விடவில்லை.

உங்கள் தீர்மானத்தை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண் சொன்னது அடிபட்டுப் போகும், அவள் விசுவாசியல்ல. பேதுரு சொன்னது மலரில் ஏறும்: "நான் அந்த மனுஷனை அறியேன்."

நம்பாதவன் சொன்னால் எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவான், இல்லை பழித்துச் சொல்லிவிடுவான் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனின் தாய்தகப்பனை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் பார்த்த சாட்சிகள் எல்லோரையும்விட இந்த இருவருக்குத்தான் முதல் மதிப்பெண் போடுவேன். இவன் எங்கள் மகன்தான், குருடனாய்ப் பிறந்தான், இது எங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். எப்படிப் பார்வை வந்தது, யார் கண்ணைத் திறந்தது, தெரியாது. அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள். தெரிந்த இடம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னார்கள், ஜெப ஆலயத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் என்று யோவானே எழுதுகிறார். ஆனாலும் பாருங்கள், அந்தப் பயந்த சாட்சி இல்லாவிட்டால், இவன் வேறு ஆள், சாயல்தான் ஒன்று என்ற அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பதிலே இல்லை. மகன் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், அவன் பிறவியிலேயே குருடன் என்பதை அவன் வாயால் நிரூபிக்க முடியாது. அதற்குப் பெற்றவர்கள்தான் வேண்டும்.

நானும் அவ்வளவுதான் சொன்னேன். மணி அடித்தது, கதவு திறந்தது, தண்ணீர் ஏறியது, நாங்கள் பிழைத்தோம். இது கர்த்தர் செயல் என்று நான் எழுதவில்லை. கர்த்தர் செயல் இல்லை என்றும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமென்றால் பக்கத்துப் பக்கத்தில் நீங்கள் எழுதுங்கள்.

பிலாத்துவைப் பற்றித் தவக்காலம் தோறும் பிரசங்கம் பண்ணுகிறீர்கள். கை கழுவியதைத்தான் பண்ணுகிறீர்கள். அதற்கு முன் லூக்காவில் மூன்று தடவை அவன் வாயால் வந்த தீர்ப்பு, இவனிடத்தில் குற்றம் இல்லை என்பது. விசாரணையில் கண்டது ஒன்று, போட்ட உத்தரவு வேறு. அப்பீல் கோர்ட்டாக இருந்தால் அந்த முரண்பாடு ஒன்றே போதும். சிலுவையடியில் நின்ற நூற்றுக்கு அதிபதியை மாற்கு, தேவனுடைய குமாரன் என்று சொல்ல வைக்கிறார். லூக்கா, நீதிபரன் என்று சொன்னதாக எழுதுகிறார். எனக்கு லூக்கா எழுதியதுதான் அந்த உடுப்புக்குப் பொருந்துகிறது. (இதில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. வேதபாட வாத்தியாரோடு அப்போதே போட்டாகிவிட்டது.)

அதைவிட எனக்குப் பிடித்தவன் கிலவுதியு லீசியா. லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில், எருசலேமில் இருந்த ரோமச் சேனாபதி. கலகத்தில் பவுலைப் பிடித்து இரண்டு சங்கிலியால் கட்டச் சொல்கிறான், சவுக்கால் அடித்து விசாரிக்கச் சொல்கிறான். நான் ரோமன் என்று பவுல் சொன்ன பிறகுதான் பதறுகிறான். அடுத்த அதிகாரத்தில் தேசாதிபதி பேலிக்ஸுக்குக் கடிதம் எழுதும்போது, இவன் ரோமன் என்று அறிந்து போய் விடுவித்தேன் என்கிறான். சங்கிலியும் சவுக்கும் கடிதத்தில் காணோம். ஸ்டேஷனிலிருந்து வரும் அறிக்கைகளைப் படித்துப் பழகிய எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊர், எந்தக் காலமாக இருந்தாலும் அதிகாரி தன் மேல் பழி வராமல்தான் எழுதுவான் போலிருக்கிறது. ஆனால் லூக்கா என்ன செய்கிறார்? அந்தக் கடிதத்தை முழுதாகச் சேர்க்கிறார், நடந்ததையும் முழுதாக எழுதுகிறார், படிக்கிறவன் இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். தனக்காக ஒரு பொய் கலந்த அந்தக் கடிதத்திலும், மரணத்துக்கோ விலங்குக்கோ ஏற்ற குற்றம் பவுல் மேல் இல்லை என்ற வரி இருக்கிறது. பின்னால் பெஸ்துவும் அகிரிப்பாவும் அதையே சொல்கிறார்கள். ஒருவனும் பவுலின் சபைக்காரன் இல்லை.

உங்கள் முன்னோர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சீஷர்கள் ராத்திரியில் வந்து இயேசுவின் உடலைத் திருடிக்கொண்டு போனார்கள் என்று எதிர்த்தரப்பு பரப்பிய பேச்சை மத்தேயு தன் கடைசி அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். காவலர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள் என்பது அவர் தரப்பு. அதை விடுங்கள். இந்நாள் வரைக்கும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று, தன் நம்பிக்கையின் அடிவேரைத் தொடும் குற்றச்சாட்டைத் தன் புத்தகத்திலேயே பதிவு செய்யத் துணிந்தவர் அவர். அந்தப் பேச்சுக்குள்ளேயே கல்லறை காலி என்ற ஒப்புதல் இருக்கிறது என்பதை அவர் கவனிக்காமலா இருந்திருப்பார்? எதிரி சொன்னதை எதிரியின் வாயாலேயே விட்டுவைத்தால்தான் இப்படி ஏதாவது கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஒரு பதில் இருக்கிறது, குழுவில் படித்தவர்கள் யாராவது சொல்லக்கூடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பிலாத்துவும் வேலைக்காரப் பெண்ணும் லீசியாவும் தாங்களே எழுதியது நம்மிடம் எதுவும் இல்லை. எல்லாம் விசுவாசிகள் கை வழியாக வந்தது. உண்மைதான். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்தில் பிடித்து உலுக்குவார். அதோடு, உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் பட்டியலைப் பாருங்கள். நம்பாமலே பார்த்து, பார்த்த பிறகும் நம்பாமலே இருந்து சாட்சி சொன்னவர் ஒருவரும் அதில் இல்லை. துன்பப்படுத்தின பவுல் பார்த்ததும் மாறிவிட்டார். எல்லா ஜனங்களுக்கும் காணப்படவில்லை, தேவன் நியமித்த சாட்சிகளாகிய எங்களுக்கே காணப்பட்டார் என்று பேதுரு கொர்நேலியு வீட்டில் வெளிப்படையாகச் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கன் இதைத்தான் பிடித்துக்கொண்டான்: தீர்ப்புப் போட்டவர்களுக்கும் பகைத்தவர்களுக்கும் அல்லவா அவர் தம்மைக் காட்டியிருக்க வேண்டும் என்றான். செல்சஸ் எழுதிய நூல் இன்று தனியாகக் கிடைப்பதில்லை. அவனுக்கு மறுப்பு எழுதிய ஓரிகன், அவன் கேள்விகளை வார்த்தை வார்த்தையாக எடுத்துப் போட்டுப் பதில் சொன்னதால்தான் அவை பிழைத்தன. நம்பாதவனின் கேள்வியைக்கூட உங்கள் சபைப் பிதா ஒருவர்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். உங்கள் சேகரக் கமிட்டி அவன் பக்கங்களைக் கிழித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்பாதவன் சாட்சியின் அருமையே இந்த இடத்தில்தான் தெரிகிறது. அது கிடைப்பது அரிது. உங்கள் ஆலயத்துக்கு மூன்று கிடைத்திருக்கிறது, நேரில் பார்த்தவர்களுடையது, அவரவர் கையெழுத்தோடு.

வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு என்ன மரியாதை என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். அது நாடு முழுக்கத் தெரிந்தது எப்படி? புதுக்குடிக்காரர்கள் சொல்லியா? ரயிலில் இருந்த வெளியூர்க்காரர்கள் இறங்கிப் போய்ச் சொன்னார்கள். ஊர்க்காரர்களே மலர் போட்டுத் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், ஏழாம் வசனம். கண்காணியாக, அதாவது பிஷப்பாக, இருக்கிறவன் "புறம்பானவர்களால் நற்சாட்சிபெற்றவனாயுமிருக்கவேண்டும்". பிஷப் தேர்தல் சமயத்தில் இந்த அதிகாரத்தை நோட்டீசில் போடுகிறார்கள். ஏழாம் வசனத்தை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறார்கள். அந்தப் புறம்பானவர்கள் நாங்கள்தான் ஐயா. எங்களிடம் கேட்டுத்தான் உங்களுக்குப் பேர் வாங்க வேண்டும் என்று உங்கள் வேதமே சொல்லியிருக்கிறது. நாங்களாக முன்வந்து நல்லபடியாகச் சொன்னதை நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

எங்கள் கைபட்டால் மலருக்குத் தீட்டு என்று உங்களில் ஒருவரும் நினைக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர், பின்னாளில் பாதிரிமார்களை எதிர்த்துச் சைவத்துக்காகவே வாழ்ந்து முடிந்தவர். நம் கரையிருப்புக்காரர், இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது வைணவர். ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். அதற்கு முந்திய வருஷங்களில் அவரிடம் படித்த பாடத்தை எந்த உபதேசியாரும் மறுபடி வேறொருவரிடம் படித்ததாக நான் கேள்விப்படவில்லை.

சாட்சியில் இரண்டு வகை, கிருபையை அனுபவித்தவன் சொல்வது ஒன்று, கண்ணால் கண்டவன் சொல்வது ஒன்று என்று நீங்கள் பிரித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் வகைக்கு நான் ஆள் இல்லை. ஆனால் தண்ணீர் உள்ளே வந்ததா வரவில்லையா என்பது இரண்டாம் வகை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விசுவாசம் என்பது நீங்கள் வெளியே சொல்லும் காரணம் என்றே எனக்குப் படுகிறது. பூட்டிய கதவும், "கேக்காம தொறக்காத" என்ற சொல்லும் அச்சில் ஏறக் கூடாது என்பதுதான் உள்ளே இருக்கும் காரணம். கதவைத் திறக்காதே என்றவரைக் காப்பாற்றப் போய், திறந்தவரையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். மலரில் கோயில்பிள்ளை பெயர் ஒரே இடத்தில், ஊழியர் பட்டியலில் கடைசியில் இருக்கிறது. வெள்ளப் பக்கத்தில் இல்லை. தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது என்றால் மணி அடித்தவருக்கும் கதவு திறந்தவருக்கும் அங்கே என்ன வேலை? அந்த அண்டாவுக்குத்தான் என்ன வேலை?

மலர் இன்னும் அச்சேறவில்லை என்று தெரிகிறது. ஆகவே நான் கேட்பது இவை.

விசுவாசிகள் அல்லாதவர்களின் சாட்சியை விலக்கும் தீர்மானத்தைக் கமிட்டி கூடி ரத்து செய்ய வேண்டும். எங்கள் மூன்று பேர் எழுத்தையும் வெள்ளம் பற்றிய பகுதியிலேயே, விசுவாசிகளின் சாட்சிக்கு அடுத்தபடியாக, எங்கள் பெயரோடும் நாங்கள் யார் என்ற விவரத்தோடும் போட வேண்டும். "நண்பர்கள் வாழ்த்து" என்ற தலைப்பின் கீழ் தள்ளக் கூடாது. பக்கம் போதாது என்றால் சுருக்குங்கள், ஆனால் சுருக்கியதை எங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போடுங்கள். கதவைப் பற்றிய வரிகளை வெட்டக் கூடாது. பெயர் இல்லாத அந்த வரிகளால் யாருக்கும் அவமானம் வராது, அவராகவே வந்து நான்தான் என்று சொன்னாலொழிய. நாகர்கோவிலில் இருந்தவரின் சாட்சியைப் போட விரும்பினால் போடுங்கள், அன்று அவர் எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கோயில்பிள்ளையிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டு எழுதவில்லை. அவர் உங்கள் விசுவாசிதானே, ஞானஸ்நானம் பெற்றவர்தானே. அவரை உட்காரவைத்து அவர் சொல்வதை அப்படியே எழுதி வாங்குங்கள்.

பண்டிகைக்கு வெள்ளையடிக்க ஆட்கள் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வடக்குச் சுவரில், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே செம்மண் கோடு இன்னும் இருக்கிறது. எங்கள் சொல்லில் சந்தேகம் இருந்தால், அதன் மேல் பூசுவதற்கு முன் ஒரு டேப்பை வைத்து அளந்து, படம் எடுத்து, கமிட்டி மினிட்டில் பதிவு செய்யுங்கள். அளக்கும்போது நாங்கள் மூன்று பேரும் கூட இருக்க வேண்டும்.

உங்கள் முடிவு எதுவானாலும் அதை எழுத்தில், கையெழுத்தும் தேதியும் போட்டு எனக்குத் தர வேண்டும். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகச் செயலாளரை இனி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலயத்துக்கு எதிர்வீட்டுக்காரன்